வசனமில்லாத சுப்பையன்

"வரையத் தெரியாதவன்தான் வசனம் எழுதுவான். என் படத்துல ஒரு எழுத்துகூட வராது, இந்த ஜென்மத்துல வராது" என்று 1996 பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் தட்டும் கையுமாக, சுப்பையன் பிரகடனம் செய்தார். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே ஊர்த் தமிழர்களுக்கு விழா மலர் போடும் வாஞ்சிநாதன், அட்டைக்கு அவர் வரைந்து தந்த படத்தைப் பார்த்து, "வானமெல்லாம் காலியா இருக்கே சார், ஸ்பான்சர் விளம்பரம் போட்டுக்கலாமா?" என்று கேட்ட பாவத்துக்குக் கிடைத்த பதில் அது.

பிரகடனம் செய்யும் தகுதி அவருக்கு உண்டு. புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். பாரிசில் பதினோரு சித்திரக்கதைப் புத்தகங்கள் வரைந்தவர். பதினொன்றிலும் சேர்த்து மொத்த வசனம் பூஜ்யம். அங்கே விமர்சகர்கள் 'மௌனத்தின் மேதை' என்றார்கள். மனைவி ஷ்யாமளாவுக்கு நியூ ஜெர்சி மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் மேதை டிபென்டென்ட் விசாவில் வந்திறங்கினார். இங்கே அவர் 'ஷ்யாமளா ஹஸ்பண்ட், கார்ட்டூன் போடறவர்'.

வீட்டிலும் அதே கொள்கைதான். பால் தீர்ந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் பசு தொங்கும். கோபமென்றால் ரயில் எஞ்சின்.

1998-இல் பாரிஸ் பதிப்பாளர் ஆறு மாதத்துக்குக் கூப்பிட்டார். வீட்டு லீஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். "போனா போனதுதானா? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி சைன் பண்ணுவேன்" என்றாள் ஷ்யாமளா. சுப்பையன் அறைக்குள் போய் மூன்று கட்டங்கள் வரைந்து வந்து ஒட்டினார். கடைசிக் கட்டத்தில் ஓர் ஆள் பெட்டியோடு வாசலைத் தாண்டுகிறான்.

ஷ்யாமளா காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள். "முதுகுதான் தெரியுது. சரி, புரிஞ்சுது. லீஸ்ல உங்க பேரை எடுத்துடறேன்."

"அது திரும்பி வர்றவன் முதுகு. நல்லாப் பாரு."

"எனக்கு எல்லா முதுகும் ஒண்ணாத்தாங்க தெரியுது."

மேதை ஓர் அம்புக்குறி போட்டார். தீ விபத்தின்போது வெளியேறும் வழி காட்டும் பலகை போல ஆயிற்று. எதிர்த்திசையில் ஒரு விமானம் சேர்த்தார்.

"ரெண்டு தடவை போறீங்களா?"

அவள் லீஸ் காகிதத்தை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

சுப்பையன் தொண்டையைச் செருமினார். பிறகு அந்த முதுகுக்கு மேலே கோணலாக ஒரு வசனக் குமிழ் வரைந்து, இரண்டாம் வகுப்போடு கைவிட்ட கையெழுத்தில், மெதுவாக, "வரேன்" என்று எழுதினார்.

ஷ்யாமளா பேனாவை மூடினாள். "ஃப்ளைட் எத்தனை மணிக்கு? நானே டிராப் பண்றேன்."