மாரண்டஹள்ளியில் அடித்த கோல்

எங்கள் மொரப்பூர் ஃபுட்பால் டீம் அந்த வருஷம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு மேட்ச். தோற்றுத் தோற்று, வாங்கிய கோல்களை எண்ணுவதையும் விட்டுவிட்டோம். பதின்மூன்று வயதில் கோல் அடிக்க வேண்டிய சென்டர் ஃபார்வர்டு நான்தான் என்பதால் ஊர்க்காரர்களின் கேலியில் பெரும்பங்கு எனக்கே வந்து சேர்ந்தது. சாயங்காலம் பந்தைத் தொடும்போதே அலுப்பாக இருக்கும்.

சித்தப்பாவும் அப்போது அலுத்துப்போய்த்தான் இருந்தார். பெங்களூரில் அவர் வேலை பார்த்த மில்லில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இருந்தார். சித்தி மாரண்டஹள்ளியில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பகலெல்லாம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர், ஒரு நாள் என்ன தோன்றியதோ, மைதானத்துக்கு வந்து அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தார்.

“கோல் வரைக்கும் ஒழுங்காத்தான் போறீங்க. அங்க போனதும் ஏன்டா ஓங்கி அடிக்க மாட்டேங்கறீங்க?”

பதிலைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ரயில் பாதையோரத் தரிசுதான் எங்கள் மைதானம். கோலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம் புதர். எங்களிடம் இருந்தது ஒரே பந்து. அதை முள்ளுக்குள் அடித்தவன் சைக்கிள் கடைக்குத் தூக்கிப்போய் பஞ்சர் ஒட்டிவர வேண்டும், இரண்டு நாள் ஆட்டத்திலும் சேர்க்க மாட்டோம். அதனால் பந்தைக் கோல் வாசல் வரை உருட்டிப்போய் மெதுவாகத் தள்ளிவிடப் பழகியிருந்தோம். வெளியூரில் முள்ளே கிடையாது. ஆனாலும் கால் ஓங்காது. நாங்கள் தள்ளுவதற்குள் கோல்கீப்பர் குனிந்து எடுத்துக்கொள்வான்.

மறுநாள் சித்தப்பா கொடுவாளோடு போனார். நாலு நாள் தனியாளாக வெட்டினார். கையெல்லாம் கீறல்.

“இந்தப் பாட்டை வேலை தேடறதுல பட்டிருக்கக் கூடாதா தம்பி?” என்று அம்மா மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தாள். அவர் சிரித்துவிட்டுப் பூசிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் தூரத்தில் நிறுத்தி அடிக்க வைத்தார். “எங்க போனாலும் நான் எடுத்தாறேன், நீ அடி” என்பார். எங்களுக்குக் கால் வலித்தது, அவருக்கு ஓடி ஓடி மூச்சு வாங்கியது. ஒரு வாரம் கழித்து மாரண்டஹள்ளி டீமோடு மேட்ச் பேசிவிட்டதாகச் சொன்னார். அரூர் பக்கத்திலேயே இருக்க, இரண்டு பஸ் மாறி அவ்வளவு தூரம் எதற்கு என்று கேட்டோம்.

“அவங்க நல்ல டீம்டா” என்றார்.

மேட்ச் அன்று சித்தப்பா முகம் மழித்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில், வெகு தூரத்தில் என் காலுக்குப் பந்து வந்தது. எதையும் யோசிக்காமல் ஓங்கி அடித்தேன். உள்ளே போய்விட்டது! பையன்கள் என்மேல் விழுந்து புரண்டார்கள். அந்தக் குவியலிலிருந்து தலையை நீட்டிச் சித்தப்பாவைத் தேடினேன்.

அவர் மைதானத்துக்கு முதுகு காட்டி, எதிரே இருந்த தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேட்ச் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் என் தோளில் கை வைத்தார். “என்கூட சித்தி வூட்டு வரைக்கும் வர்றியாடா? அந்தத் தெருதான். ரெண்டு நிமிஷம், வந்துடலாம்.”

“நான் வரல. நீங்க வேணா போங்க” என்று கையைத் தட்டிவிட்டேன்.

அவர் அந்தத் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் வந்தது. எங்கள் பின்னாலேயே அவரும் ஏறிக்கொண்டார். தர்மபுரி வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

என் கோலைப் பார்க்காத மனுஷனுக்கு இது வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில்லாமல் தனியாகப் போய் அந்தக் கதவைத் தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை, பக்கத்தில் நிற்க வீட்டுப் பிள்ளை ஒருவன் தேவைப்பட்டான் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியவில்லை. சித்தி பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.