மாத்திரைக்குப் பின் தயிர் சாதம்

தொண்ணூறுகளில் கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் மாடியில் குடியிருந்தவர், துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பார்க்கின்சன் நோயில் அவர் முகம் அசைவதை நிறுத்தியிருந்தது. என் ஜோக்குக்கு அவர் சிரிக்காததையெல்லாம் நோயின் தலையில் கட்டிவிடுவேன். எனக்கும் ஆறுதல் வேண்டுமே!

"தயிர்ல சர்க்கரை போடறவன் மனுஷனா?" என்று காலமெல்லாம் வங்காளிகளை வம்புக்கிழுத்தவருக்கு, கடைசியில் அந்த இனிப்புத் தயிர், மிஷ்டி தொய் மட்டுமே தொண்டையில் இறங்கியது.

டாக்டர், மூளையில் டோபமைனைத் தூண்டி நடுக்கத்தைக் குறைக்கும் புது மாத்திரை கொடுத்தார். அது வேலைசெய்யும் நேரம் பார்த்து, நானும் பக்கத்தில் இருந்தபோது, அவர் மனைவி தயிர் சாதம் பிசைந்து வைத்தார். கை நடுங்கவில்லை. தானே அள்ளி வாயில் போட்டார். உடனே புரையேறி, மூச்சுத் திணறி, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"கை சொன்னதைக் கேக்கறது. தொண்டை கேக்கமாட்டேங்கறது," என்றார். பிறகு மனைவியிடம், "இவருக்கு ஒரு கிண்ணம் குடு. நீர் சாப்பிடும் ஓய், நான் பாக்கறேன்."

எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காருகிற ஆள் நான். ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அவர் கண்கள் என் தொண்டையிலேயே நின்றன. மென்றுகொண்டே இருந்தேன், விழுங்க வரவில்லை.

"உமக்குமா ஓய் இறங்கலை?" என்றார்.

அது கேலியா, துக்கமா என்று அந்த முகத்தில் தேடினேன். இன்றுவரை தெரியவில்லை.