துளை மிஷினில் ஒரு சாவிக்காடி

1956ஆம் வருஷத்துக்குப் பிறகு செபமாலையின் இடது கையில் மூன்று விரல்கள்தான். கட்டை விரலையும் சுட்டுவிரலையும் ஆயில் இஞ்சினின் பெல்ட்டு வாங்கிக்கொண்டது. ஆவூரில் பிறந்து, திருச்சியில் பிட்டர் வேலை கற்று, நாற்பத்தெட்டில் இலுப்பூரில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பட்டறை தொடங்கியவர். அந்த வட்டாரத்துக் கிணறுகளில் ஒன்றிரண்டாகப் பம்புசெட்டு இறங்கிக்கொண்டிருந்த காலம். பம்பு போன ஊருக்கெல்லாம் செபமாலையின் பெயரும் போயிற்று.

பெயர் வாங்கிக் கொடுத்தது சாவிக்காடி. பம்பின் சுழல்தண்டான ஷாஃப்ட்டும் அதில் மாட்டும் புல்லிச் சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டுமானால், இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புச் சாவியைச் செருக வேண்டும். அந்தச் சாவி உட்கார ஷாஃப்ட்டின் நீளவாக்கில் வெட்டும் பள்ளம்தான் காடி. மயிரிழை அகலம் கூடினாலும் சாவி ஆடும். ஆட்டம் பெருகி ஷாஃப்ட்டையே தின்றுவிடும். திருச்சியில் இதற்கென்று மில்லிங் மிஷின் வைத்திருந்தார்கள். செபமாலை உளியாலும் அரத்தாலுமே வெட்டினார்.

விரல் போனபின், சுத்தியல் பிடிக்க வலக்கை இருந்தது; உளியை நிறுத்திப் பிடிக்கக் கை இல்லை. கூட வேலை செய்த வெள்ளைச்சாமி, ஏறக்குறைய அவர் வயதுக்காரர், சம்மட்டி அடியில் கெட்டிக்காரர், பிடித்துப் பார்த்தார். உளி கோணிக்கொண்டு போயிற்று.

"எனக்கு இரும்பை அடிக்கத்தான் தெரியும்ணே. கெஞ்சத் தெரியலை" என்றார்.

ஷாஃப்ட்டுகள் திருச்சிக்குப் பஸ் ஏறின. அவற்றின் பின்னாலேயே மற்ற வேலைகளும் போயின. மனைவி அமலராணியின் அண்ணன் திருச்சியில் ஒரு மில்லில் இருந்தார். அங்கே வாட்ச்மேன் இடம் ஒன்று காலியாகப் போவதாக ஐம்பத்தெட்டில் கடிதம் வந்தது. அமலராணி அதைக் கணவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

"போயிருவோங்க. உக்காந்து பாக்குற வேலை. ஒங்க கைக்கு அதுதான் சரி."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறு. அதுக்குள்ள அடுத்தவுக ஷாஃப்ட்டுல ஒரு காடி ஒழுங்கா வெட்டிட்டேன்னா இங்கிட்டு இருப்போம். இல்லைன்னா நானே கொட்டகையைப் பிரிக்கிறேன்."

பட்டறையில் ஒரு துளை மிஷின் நின்றது. கீழ்நோக்கி ஓட்டை போடுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. செபமாலை திருச்சிப் பழைய இரும்புக் கடையில், உடைந்த லேத்து ஒன்றிலிருந்து குறுக்கே நகரும் மேசையைக் கைச்சக்கரத்தோடு எடுத்து வந்தார். அதைத் துளை மிஷினின் தட்டில் நான்கு போல்ட்டால் இறுக்கினார். ஷாஃப்ட்டை மேசையில் கட்டிச் சக்கரத்தைத் திருப்பினால், துளையூசிக்குப் பதிலாக மாட்டிய கட்டருக்கு அடியில் அது மெல்ல நகரும். மேலும் கீழும் போகும் தண்டை ஒரு போல்ட்டால் பூட்டினார். மூன்று மாதம் பிடித்தது.

"ஆட்டைக் கொண்டாந்து ஏர்ல பூட்டுறாரு பிட்டரு" என்று டீக்கடையில் ஒருவர் சிரித்தார்.

"ஒனக்கென்னய்யா வலி? உழுகப்போறது ஆடுதானே" என்றார் வெள்ளைச்சாமி.

கழிவு இரும்பில் காடி நேராக விழுந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் ஆண்டியப்பன் புது ஷாஃப்ட்டு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, பம்பு இல்லாமல் நாற்று காய்கிறது என்றார். ஆயுத பூசை முடிந்ததும் வரச் சொல்லி, ஷாஃப்ட்டை வாங்கி வைத்தார் செபமாலை.

பூசை வெள்ளைச்சாமியுடையது. வருஷாவருஷம் அன்றைக்குப் பட்டறையை அவரிடம் விட்டுவிட்டு செபமாலை ஆவூருக்குப் போய்விடுவார், அதில் தலையிடுவதில்லை. அந்த வருஷம் வெள்ளைச்சாமி புது மிஷினை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, திரும்ப மாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். கட்டரைக் கவ்வும் சக்கின் வால் கூம்பாக இருக்கும். தண்டிலுள்ள கூம்புக் குழிக்குள் அதைத் தட்டி ஏற்றினால் இரும்பை இரும்பு பிடித்துக்கொள்ளும். வேறு பிடிமானம் கிடையாது. அந்தக் கூம்புக்கும் எண்ணெய் பூசினார்.

பூசை பிரித்த மறுநாள் வேலை தொடங்கியது. ஆண்டியப்பன் குந்தியிருந்து பார்த்தார். காடி பாதி தூரம் ஓடியதும் சத்தம் மாறியது. சக்கு நழுவி இறங்க, கட்டர் ஷாஃப்ட்டைக் கடித்துப் பக்கவாட்டில் பிய்த்தது. வெள்ளைச்சாமி பாய்ந்து பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்தினார்.

செபமாலை சக்கை எடுத்துக் கூம்பைத் தடவினார். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனார்.

"நான்தாண்ணே பூசுனேன்" என்றார் வெள்ளைச்சாமி. "புது மிசினாச்சேன்னு உள்ளயும் பூசிப்புட்டேன்."

ஆமாம், நீதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பழி இறங்கிவிடும். ஆனால் அந்தக் கூம்பு காய்ந்திருக்க வேண்டும் என்று மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவர் வாய் திறந்து சொன்னதில்லை. செபமாலை ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னுதுங்க. ஓட்டை போடுறப்ப சக்கு மேல்பக்கமா அழுந்தும். காடி வெட்டுறப்ப பக்கவாட்டுல இழுக்கும். எண்ணெய் இல்லாட்டியும் என்னைக்காச்சும் கழண்டிருக்கும். அதை யோசிக்காம ஒங்க ஷாஃப்ட்டுல கைவச்சிட்டேன்."

"இப்ப என்னங்க செய்யிறது?"

"பெரட்டிப் போட்டா மறுபக்கம் முழுசா இருக்கு. அங்க வெட்டலாம். திருச்சியிலயும் அதைத்தான் செய்வாங்க. அங்கயே கொண்டுபோங்க."

"நீங்க வெட்டி, மறுபக்கமும் போச்சுன்னா?"

"ஷாஃப்ட்டு பழைய இரும்புதான். நானும் பட்டறையை மூடிருவேன்."

ஆண்டியப்பன் பிய்ந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். "திருச்சிக்காரன் கெடுத்திருந்தா என்கிட்டச் சொல்லியிருக்க மாட்டான்" என்றார். "நீங்களே வெட்டுங்க. நாளை வரைக்கும் நாத்து தாங்கும்."

தண்டின் பக்கவாட்டில், சக்கைத் தட்டிக் கழற்றுவதற்கென்று ஒரு நீளத் துவாரம் உண்டு. கூம்பின் வால்நுனி அதற்குள் தெரியும். செபமாலை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிச் சக்கரம் கழலாம இருக்க என்ன போடுறோம் வெள்ளைச்சாமி?"

"கடையாணி" என்ற வெள்ளைச்சாமிக்குச் சட்டென்று பிடிபட்டது. சாயங்காலத்துக்குள் வால்நுனியில் கைத்துரப்பணத்தால் துளை போட்டு, அரத்தால் நீட்டி, துவாரத்தின் வழியே இறுகும்படி ஓர் ஆப்பு அடித்துக் கொடுத்தார். கூம்பையும் குழியையும் மண்ணெண்ணெயால் கழுவி, காய்ந்த துணியால் மூன்று தடவை துடைத்தவரும் அவரே.

மறுநாள் காலையில் தொடங்கிய காடி உச்சிப்பொழுது வரை போயிற்று. ஒரு ஓட்டத்துக்கு ஒரு நகத்தின் கனமளவு ஆழம், அதற்கு மேல் இல்லை. செபமாலையின் வலக்கை சக்கரத்தைத் திருப்பியது. இடது கையின் மூன்று விரல்கள் மேசையின் ஓரத்தில் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தன. சோறு கொண்டுவந்த அமலராணி தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

மிஷின் நின்றது. சாவியை வைத்து மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். உட்கார்ந்தது. ஆண்டியப்பன் அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. அவர் ஷாஃப்ட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் அமலராணி பேசினாள்.

"அப்ப இங்கிட்டுத்தான் இருக்கோமா?"

"இருக்கோம்."

அதன்பின் எட்டு வருஷம் அந்த மிஷினில் காடி வெட்டினார். அரிமளத்திலிருந்துகூட ஷாஃப்ட்டு வந்தது. அறுபத்தாறில் மார்ச்சளி கண்டு செபமாலை இறந்தபோது மேசையில் ஒரு ஷாஃப்ட்டு பாதி வெட்டியபடி கட்டிக் கிடந்தது. அதன் உடையவர் ஆவூருக்கு வந்து அடக்கத்தில் நின்றார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைச்சாமி மீதியை வெட்டிக் கொடுத்தார்.