கிள்ளானில் எடுத்த மண்டபம்

என் மகளுக்குப் பதினைந்து வயதாகியும் பருவமாற்றம் தொடங்கவில்லை. அது உறவினர்களுக்குத்தான் பெரிய செய்தி. எந்த விருந்துக்குப் போனாலும், சாப்பாட்டு மேசைக்கும் கைகழுவும் இடத்துக்கும் நடுவே யாராவது ஓர் அத்தை அவளை நிறுத்திக் குரலைத் தாழ்த்துவார்: "என்னாம்மா, இன்னும் இல்லையா?" மூன்றாவது விருந்துக்குப் பிறகு, இனி எங்கும் வரமாட்டேன் என்றாள். தீபாவளிக்குக்கூட எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கினார். இடுப்பில் ஒட்டும் சிறு மருந்துப் பேட்ச். அதிலும் கால்வாசித் துண்டு. "மெதுவாத்தான் கூட்டுவோம். மாதவிடாய் வர ரெண்டு வருஷம்கூட ஆகலாம்," என்றார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். இருபது நிமிடம்.

வெளியே வந்தவள், "தூக்கம் வருதா, அழுகை வருதா, கூட்டாளிங்க இருக்காங்களான்னு கேட்டாங்கம்மா. நான் அத்தைங்களப் பத்திச் சொன்னேன். டாக்டருக்கும் அதே மாதிரி ரெண்டு அத்தை இருக்காங்களாம்," என்றாள். ரயிலில் வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதங்களாகியிருந்தன.

அதன்பின் நடந்த தவறு என்னுடையது. கிள்ளானில் இருக்கும் அண்ணனிடம் சிகிச்சை தொடங்கியதை மட்டும் சொன்னேன். இரண்டு வருடம் ஆகலாம் என்பதைச் சொல்லவில்லை. தாய்மாமன் சீருக்கென்று பட்டுப்புடவை எடுத்து மூன்று வருடமாக அலமாரியில் வைத்திருப்பவர் அவர். மறுவாரமே போன் வந்தது. சமைத்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மருந்து குடுத்தாச்சுல்ல? அடுத்த மாசம் சடங்குக்கு மண்டபம் புக் பண்ணிட்டேன். இருபத்தோரு தட்டு. பேனருக்கு புள்ளையோட நல்ல போட்டோவா ஒன்னு அனுப்பு லா."

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்தாள்.

"மாமா, இது தலைவலி மாத்திரை இல்ல, போட்டவுடனே வேலை செய்ய. ரெண்டு வருஷம் ஆகும். அப்பவும் பேனர் வேணாம்."

அண்ணன் கேட்டார்: "அப்ப மண்டபம்?"

"உங்களுக்கு அறுபது வயசாகுதே, மாமா."

அப்படித்தான் அண்ணனின் அறுபதாவது பிறந்தநாள் மண்டபத்தில் நடந்தது. பேனரில் அவருடைய படம், கறுப்புக் கண்ணாடியோடு. இருபத்தோரு தட்டுகளிலும் பழமும் பலகாரமும். பட்டுப்புடவையை முதல்நாளே கொண்டுவந்து கொடுத்து, "இது சீர் இல்ல. சும்மா கட்டிக்க," என்றிருந்தார். அதைக் கட்டிக்கொண்டு அவள் தட்டுகளை மேசை மேசையாகக் கொண்டுபோனாள்.

காஜாங்கிலிருந்து வந்திருந்த அத்தை வழக்கமான இடத்தில் அவளை நிறுத்தினார். "இன்னும் இல்லையா?"

"இல்ல அத்தை. டாக்டர் பாத்துக்கிறாங்க," என்றாள் மகள், குரலைத் தாழ்த்தாமல். "நீங்க கேக் சாப்பிட்டீங்களா?"

அத்தை கேக் இருக்கும் மேசையைத் தேடிப் போனார்.