இரண்டு காது மழைச்சாமி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள்? ஆனால் என் நண்பன் இந்தக் கதையை ஊரெல்லாம் தப்புத்தப்பாகச் சொல்லித் திரிகிறான். அதனால்தான் உட்கார்ந்தேன்.

அவனுக்கு சுங்கை பட்டாணியில் கையுறை ஃபேக்டரி வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலு பேர், வீரன், மந்திரவாதி என்று வேஷம் கட்டிப் பேசி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். கதை நடத்துவது இவன். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மேசை தருவதாகச் சொன்னார்கள். வருகிறவர்களுக்குப் பிடித்தால் வாராவாரம் இவனுக்கே மேசை. இல்லாவிட்டால் அத்தோடு சரி. பயலுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை திகாம் பத்துவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தன் கதைக்கான சாமிகளை வரைந்து காட்டினான். இடிச்சாமி, கடல்சாமி, போர்ச்சாமி. மூன்றுக்கும் வெள்ளைத் தாடி.

"என்னடா, மூணு பேரும் ஒரே கடையிலயா தாடி வாங்கினாங்க?"

"சிரிக்காதடா. தெரிஞ்சா நீ செஞ்சு காட்டு லா."

வெளியே ஜெராய் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கரங்கான் எஸ்டேட்டில் என் அம்மா ரப்பர் பால்மரம் சீவுகிறார். காலையில் மழை என்றால் வேலை போச்சு, வானத்தைத் திட்டுவார். சித்தி இருப்பது யான் என்ற ஊரில், சுற்றிலும் நெல்வயல். அங்கே மழைக்கு ஏங்குவார்கள். ஒரே வானம்தான்.

"ஒரு மழைச்சாமி வை. ரெண்டு காது. ஒரு காதுல 'வா'ங்குறாங்க, இன்னொன்னுல 'போ'ங்குறாங்க. யாரு சொல்றத கேக்குறதுன்னு அதுக்கே தெரியல."

"பாவம்டா அந்தச் சாமி."

"உன் தாடிக்காரனுங்கள பாத்து ஒருத்தனாச்சும் பாவம்னு சொன்னானா?"

அப்புறம் ஃபேக்டரி பஸ்ஸை நேரத்துக்கு முன்னாலேயே கிளப்பிவிடும் ஒரு அம்மனையும், கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பை மட்டும் காக்கும் ஒரு சாமியையும் உண்டாக்கினோம். பயல் மீ கோரெங் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். வந்த நாலு பேரும் எஸ்டேட் பக்கத்துப் பிள்ளைகள். காய்ந்துபோன நகரம், மழைச்சாமியை அடித்து வீழ்த்தினால் மழை பெய்யும். இவன் போட்ட திட்டம் அது. சாமிக்குப் பொம்மை இல்லாததால் ரோட்டோரக் கல் ஒன்றை எடுத்து மேசை நடுவில் வைத்தான். அங்கேதான் கெட்டது.

வீரனாக இருந்தவன் பகடையைக் கீழே வைத்தான். "அண்ணே, சாமிய எப்படிண்ணே அடிக்கிறது?" தான் குடித்துக்கொண்டிருந்த சிராப் சர்பத்தை எடுத்து இரண்டு சொட்டு கல்லின் மேல் விட்டு, கோப்பையை அதன் முன்னால் வைத்தான்.

சண்டை இல்லாமல் கதை எப்படி நகரும்? நண்பன் முகம் வெளுத்து என்னைப் பார்த்தான். நான் கல்லைத் திருப்பி வைத்தேன். "சாமிக்கு ரெண்டு காது. அந்தப் பக்கம் மழைய 'வா'ங்குற காது, இந்தப் பக்கம்தான் 'போ'ங்குற காது."

"அத மூடுங்கண்ணே, ஊரே காஞ்சு கெடக்கு!" என்றான் வீரன்.

"மூடாத! எங்கம்மா மரம் சீவுறாங்க!" என்றாள் மந்திரவாதி.

மேசை இரண்டுபட்டது. வயலுக்காக ஒருவன் கெஞ்சினான், மரத்துக்காக ஒருத்தி கத்தினாள். கடையை மூட வந்த கடைக்கார அண்ணனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மந்திரவாதிதான் கல்லிடம் குனிந்து, "காலையில வேணாம் சாமி, மத்தியானத்துக்கு மேல பெய்யி" என்றாள். பகடை ஒருமுறைகூட உருளவில்லை.

"அடுத்த வாரமும் அந்தக் கல்ல கொண்டு வா தம்பி," என்றார் கடைக்கார அண்ணன். நண்பன் அதைப் பூப்போல எடுத்துப் பைக்குள் வைத்தான்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "சாமியவே படைச்சவன்டா நான், எனக்கு ஒரு கோயில் கட்டக்கூடாதா?"

பதில் உடனே வந்தது: "மொதல்ல வந்து உன் சாமிய குளிப்பாட்டு லா, சிராப் ஒட்டி என் பை பூரா எறும்பு."