விஜயபுரத்தில் காந்தா அத்தையும் ஒற்றைக் கேசட்டும்

என் அப்பாவின் தங்கை காந்தா அத்தையின் கதையை அவள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய மூன்று வருடமாக அலைந்தேன். ஊரான் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள், தொண்ணூறுகளில் மகன் சரவணனை மாமாவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எட்டு வருடம் கழித்துத் திரும்பி, எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகச் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கினாள். கேட்டால், "என் கதைய வச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற, போய் வேலைய பாரு" என்று போனை வைத்துவிடுவாள். பிப்ரவரியில் அவளே கூப்பிட்டாள். "கேசட் போடற டேப்பு ஒன்னு எடுத்துக்கினு வா. எடுத்தாந்தா எல்லாத்தையும் சொல்றேன். இல்லன்னா வராத."

காரணம் எனக்குத் தெரியும். மாமா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. போட்டோ ஏழெட்டு இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை. அத்தையிடம் ஒரு கேசட் உண்டு, அதில் மாமா பேசியிருக்கிறார். வீட்டு டேப் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினேன். சென்ட்ரலில் காலை ஆறேகால் மின்ரயில், இருபது ரூபாய், எட்டரைக்குத் திருத்தணி. அங்கிருந்து நகரிக்கு பஸ், அரை மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். நகரியில் இட்லியும் காரமான வேர்க்கடலைச் சட்னியும் முப்பது ரூபாய். சட்னியை மூன்று முறை கேட்டு வாங்கினேன், வெட்கமே படவில்லை. ஆந்திரா பஸ்களில் ஊர்ப் பெயர் தெலுங்கில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், தமிழில் கேட்டால் தமிழிலேயே ஏற்றிவிடுவார்கள். நான் விஜயபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினேன், நாற்பது ரூபாய்.

ஆட்டோக்காரர் என் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா மேடம் அது, ரேடியோவா?"

"டேப் ரெக்கார்டர்ணா. அத்தைக்கு."

"கொவைத்து போன அத்தையா? எங்க பெத்தம்மாவும், அதான் பெரியம்மா, போச்சு. கேசட்லதான் பேசி அனுப்பும். பர்வாலேது, நல்லா புடிச்சிக்கோங்க, ரோடு சரியில்ல."

இந்தப் பக்கத்தில் அது வழக்கமாகவே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, விடுமுறைக்கு வந்துபோகும் ஊர்க்காரர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் இடையே ஓடியது ஒரே கேசட். மாமா பேசி அனுப்புவார். அத்தை பத்து முறை கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவாள். ஒரு குரலை அழித்துத்தான் இன்னொரு குரல்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தை கடலைச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். மோட்டாருக்குப் பன்னிரண்டு மணி வரைதான் கரண்ட் என்பதால் பேட்டியும் வரப்பில்தான். போனில் பதிவை ஓடவிட்டு நான் பின்னாலேயே நடந்தேன். பதிலெல்லாம் ரேஷன் ஆபீசில் சொல்வது மாதிரி வந்தது.

"அங்க எப்படி இருந்துச்சு அத்தே?"

"நல்லாதான் இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல."

"சாப்பாடு?"

"வயிறு ரொம்பற அளவுக்கு போட்டாங்க. அந்த மடைய மிதிச்சிடாத, கண்ணு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று வருடம் காத்திருந்தது இதற்காகவா?

மதியம் களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டதும் பால் பவுடர் டப்பாவைத் திறந்து, மாமாவின் சட்டைத் துணியில் சுற்றியிருந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். முதலில் உதவாத கேசட் ஒன்றைப் போட்டு டேப்பைச் சோதித்தேன். பிறகு இவளுடையதைப் பேனாவால் மெதுவாக முழுதும் சுற்றித் தளர்த்தினேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டேப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். பட்டனை அழுத்தினேன்.

ஒரு பெண் பேசினாள்.

"இது நானாச்சே" என்றாள் அத்தை. தலையில் அடித்துக்கொண்டாள். "கடைசியா அந்த ஆளு அனுப்புனதுக்கு பதில் பேசி வச்சேன். அனுப்பறதுக்குள்ள லீவு கெடச்சி நானே வந்துட்டேன். அவரு பேசினத நானே அழிச்சிட்டு, அவரு குரலுன்னு இத்தினி வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்."

நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. என் சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் அவள் சொல்லாததையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து இளவயது காந்தா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊர்ல யாராச்சும் கேட்டா நல்லா கீறேன்னு சொல்லு. உனக்கு மட்டும் சொல்றேன், ரொட்டி துன்னு துன்னு நாக்கு செத்துப் போச்சு. சரவணனுக்கு காய்ச்சல் வந்தது எனக்கு ஒரு மாசம் கழிச்சித்தான் தெரியுது, பாத்ரூம்ல தண்ணிய தொறந்துவுட்டு அழுதேன்." பிறகு, "களி கிண்ட கத்துக்கறேன்னியே, வந்ததும் நீதான் போடணும்." கடைசியாக, "அந்த மாடு ஆப்ட்டுச்சா, கெடச்சிதா இல்லியா, அத சொல்லவே இல்ல நீ." அதோடு பேச்சு நின்றது. அவ்வளவுதான். இருபத்தாறு நிமிடம்.

மாமா இதைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, நோட்டில் தலையைக் கவிழ்த்து எழுதினேன். டேப்பை அணைக்க மறந்துவிட்டேன். அது வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று ஓர் ஆண் குரல்.

"...களி கட்டி கட்டியா வருது காந்தா. சரவணன் துன்ன மாட்டேங்கறான். நீ வர்றதுக்குள்ள கத்துக்குவேன். சரி, அவ்ளோதான். இது இன்னும் ஓடிக்கினு கீது. இன்னா பேசறது... ஏ, மாடு அவுத்துக்கினு ஓடுது, இரு, வரேன்."

ஓடும் காலடி. தூரத்தில் "ஏய், ஏய்" என்று விரட்டும் சத்தம். டேப்பை நிறுத்த யாரும் வரவில்லை, நாடா தீரும்வரை வெறும் காகச் சத்தம்தான். மாமா பேசியது அந்தப் பக்கம் முழுக்க இருந்திருக்கிறது. அத்தையின் பதில் அதைவிடச் சின்னது. பேசி முடித்துச் சற்று கழித்து அவள் பட்டனை நிறுத்திய இடத்துக்கு அப்புறம் இருந்த மாமா அழியாமல் தப்பிவிட்டார்.

அத்தை தட்டோடு வாசற்படியில் நின்றாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், அழுதுகொண்டே மறுபடி சிரித்தாள். "பாவி மனுசன், கடைசி வரைக்கும் கட்டியாதான் கிண்டினாரு. திருப்பிப் போடு." ஆறு முறை போட்டோம். நாற்பத்தொரு விநாடி. அவள் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த மண்டலத்திலேயே அத்தை ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

நான்கரை மணி பஸ்ஸில் நகரி, அங்கிருந்து வந்த வழியே திரும்பினேன். போகவர, இட்லி உட்பட, இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்படிப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வயல்காரர்களிடம் போவதானால் கரண்ட் நேரத்தை முதலில் கேளுங்கள். பழைய கேசட்டை நேராக டேப்பில் போடாதீர்கள். முக்கியமாக, பேச்சு நின்றதும் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். நான் சுறுசுறுப்பான ஆளாக இருந்திருந்தால் மாமா கிடைத்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை அத்தை போன் செய்தாள்.

"எல்லாம் எழுதிக்கினியா? ஒன்னு மட்டும் தெரியல. அந்த மாடு அன்னிக்கி ஆப்ட்டுச்சா இல்லியா? வந்த அவசரத்துல கேக்காமயே வுட்டுட்டேன். சரவணனுக்கும் ஞாபகம் இல்லியாம்."

நான் நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

"ஆப்ட்டிருக்கும்" என்றாள் அவளே. "அந்த ஆளு வுடமாட்டாரு. ஆப்ட்டுச்சுன்னே எழுதிக்கோ."