ஒரு விரல் பாரம்

நீங்கள் நம்பப் போவதில்லை, அது உங்கள் முகத்திலேயே தெரிகிறது, பரவாயில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன். பேய் பிசாசு, காத்து கருப்பு எதுவும் எனக்கு ஆகாது. வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி ரிங் ரோட்டுக்குப் போகிற வழியில் இருபத்தாறு வருடமாக ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறேன். லாரியோ பிக்கப்போ, பின் அச்சின் மேல் அடுக்கடுக்காக உட்கார்ந்து பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள்தான் என் பிழைப்பு. ஒருமுறை பேரையூர்க்காரர் ஒருத்தர், வண்டி அழுகிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பம்பர் முழுக்க எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் பட்டைகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் தேய்ந்து போயிருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு, பழத்தையெல்லாம் அவிழ்த்து வேலையாட்களுக்கு சர்பத் போட்டுக் கொடுத்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இந்த மாதிரி விஷயம் என்றால் நடுச்சாமத்தில்தான் நடக்கும் என்பார்கள். இது சித்திரை வெயிலில், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பித்தது. சகாயம் என்று ஒரு பரவைக்காரர், காய்கறி மார்க்கெட்டில் பிக்கப் ஓட்டுகிறவர், ஒரே சத்தத்துக்காக மூன்றாவது தடவையாக என்னிடம் வந்திருந்தார். முதல் தடவை பட்டைகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். ரெண்டாவது தடவை பட்டை நுனியில் இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் புதுசு போட்டேன். ரெண்டு தடவையும் இங்கே ஆட்டிப் பார்த்தால் ஒரு முனகல்கூட இல்லை, சாயங்காலம் போன் வந்துவிடும். எனக்கு மானம் போனது. நான் கை வைத்த வண்டி மறுபடி கத்தியதாக மதுரையில் யாரும் சொன்னதில்லை.

"எப்பத்தான்யா கத்துது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"காலியா வீட்டுக்குத் திரும்புறப்பதான்ணே. லோடு இருந்தாக் கத்தாது. வலது பக்கம் பின்னாடி."

இதற்கு எதற்கு இவ்வளவு அலைகிறார், பழைய வண்டி என்றால் கொஞ்சம் கத்தத்தான் செய்யும் என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த வண்டி அவரும் அவர் அண்ணன் ஆரோக்கியமும் சேர்ந்து வாங்கியது. இவர் ஓட்டுவார், அண்ணன் மூட்டை ஏற்றி இறக்குவார். ஒரு மாதத்துக்கு முன்னால் மார்க்கெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"மதினி இந்தச் சத்தத்தக் கேட்டாப் போதும்ணே, சொம்புல தண்ணியத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துருது. எங்கண்ணன் எறங்குனதும் குடுக்குமே, அதே மாதிரி. வண்டிக்குப் பின்னாடியவே பாத்துக்கிட்டு நிக்குது. பிள்ளைக ரெண்டும் பயந்து போச்சுக. மதினி கூடப் பொறந்தவுக, வண்டிய வித்துப்புடு, இல்லாட்டி எங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவோம்னு நிக்கிறாக. ரெண்டு வீட்டுக்கும் இந்த வண்டிதான்ணே சோறு."

எனக்குப் பாவமாக இருந்தது. இன்றைக்கு இந்தச் சத்தத்தைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று வேலையாட்களோடு நானும் இறங்கினேன். வலது பக்கத்து அடுக்கை முழுதாகக் கழற்றி, பட்டை பட்டையாகப் பிரித்து, துருவைத் தேய்த்து, நடு போல்ட் புதுசு போட்டுப் பூட்டினோம். வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். கரண்டும் போயிருந்தது. சகாயம் பக்கத்திலேயே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்ததால், ரெண்டு டீ வாங்கி வாப்பா என்று அவரையும் எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

எங்கள் தொழிலில் அளவுகோல் எடுப்பதில்லை. அச்சுக்கும் அதற்கு மேலே வண்டியின் சட்டத்தில், சேசிஸில் இருக்கிற முட்டு ரப்பருக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்போம். இந்த வண்டி காலியாக நின்றால் நாலு விரல் நிமிர்த்தி நுழையும். ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தால் ஒரு விரல் குறையும். இடது பக்கம் விட்டேன், நாலு. வலது பக்கம் விட்டேன், மூன்று.

சரி, பட்டை களைத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். சகாயம் டீயோடு வந்தார், வேலையாட்களும் வந்ததும் வலது அடுக்கை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் பூட்டச் சொன்னேன். பட்டையில் குறை இருந்தால் அந்தக் குறை இடது பக்கத்துக்குப் போக வேண்டும், இல்லையா? போகவில்லை. வலதுதான் மூன்று விரல். தரை சரிவாக இருக்குமோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அப்போதும் வலது மூன்றுதான். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும், சேசிஸ் வளைந்திருக்கும் என்பீர்கள். நூல் பிடித்துப் பார்த்தேன், வளையவில்லை.

மறுபடி படுத்துக் கையை விட்டேன். அப்போது சத்தம் வந்தது. கீச்சென்று ஒரு நீளச் சத்தம், கூடவே இடைவெளி குறுகி ரப்பர் என் விரலை அழுத்திவிட்டு விலகியது. ரொம்ப நேரம் உட்கார்ந்தவன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

"சகாயம், மேல ஏறாதப்பா, அடியில ஆளு கெடக்கேன்" என்றேன்.

"நான் இங்கன நிக்கேன்ணே" என்று தலைமாட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. வேலையாட்கள் ரெண்டு பேரும் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தேன். வண்டியின் பின்தட்டில் ஒரு சாக்குகூட இல்லை.

பயந்தேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. சகாயத்தின் கையைப் பிடித்து இழுத்து ரெண்டு பக்கமும் விரலை விடச் சொன்னேன். அவருக்கும் நாலு, மூன்று. "அந்த மூலையில யாருப்பா உக்காருவா?" என்று கேட்டேன்.

"எங்கண்ணன்தான். கேபின்ல புழுங்குதும்பாரு. வலது மூலையிலதான் உக்காருவாரு."

அப்புறம்தான் தான் செய்த தப்பைச் சொன்னார். அவருக்கு ஒரு பழக்கம். எங்கே இறக்கினாலும், திரும்பும்போது வண்டிப் பக்கத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, "ஏறியாச்சாண்ணே, போவமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார், இடம் வந்ததும் அதே மாதிரி தட்டி இறங்கச் சொல்வார். அண்ணனின் பெட்டியையும் இதே வண்டியில்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மண் போட்டு முடிந்து எல்லோரும் நடந்து போய்விட்டார்கள். இவர் அழுது ஓய்ந்து வண்டியிடம் வந்தவர், கை தன்பாட்டுக்கு ரெண்டு தட்டுத் தட்டியிருக்கிறது, வாயும் தன்பாட்டுக்குக் கேட்டிருக்கிறது.

துக்க வீட்டில் "போயிட்டு வாரேன்" என்றுகூட நாம் சொல்வதில்லை. இவர் கல்லறையில் நின்று வண்டியில் ஏறச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப எறங்கச் சொல்ல வேண்டியதுதான" என்று சொன்னது நான்தான். என் வாயிலிருந்துதான் வந்தது.

"எங்க போய்ச் சொல்லண்ணே? வீட்டு வாசல்ல சொன்னா வீட்டுக்குள்ள வந்துரும்னு பயமா இருக்கு. கல்லறையில சொன்னா, நானே அவரத் தள்ளிவிட்ட மாதிரி ஆயிருமேண்ணே" என்று தேம்பினார்.

"தள்ள வேணாம். எடம் வந்துருச்சுன்னு மட்டும் சொல்லு. தினம் சொல்றதுதான."

நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்காதீர்கள். கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பரவை வரைக்கும் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் அந்தச் சத்தம் வந்தது, நாங்கள் ரெண்டு பேரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அஞ்சரை இருக்கும், நல்ல வெளிச்சம். சகாயம் இறங்கி இடது பக்கமாகப் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, அங்கேயே நின்றார். நான் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இடைவெளிக்குள் மூன்று விரலை விட்டுக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் தட்டவே இல்லை. பிறகு ரெண்டு தட்டுச் சத்தம் கேட்டது.

"அண்ணே, எடம் வந்துருச்சு. பாத்து எறங்கு" என்றார்.

கீச்சென்றது. விரல் மேலிருந்த அழுத்தம் போய்விட்டது. நாலாவது விரலை விட்டுப் பார்த்தேன், நுழைந்தது.

திரும்பி அவர் வீட்டுக்குப் போகும்போது பள்ளம், மேடு எதிலும் வண்டி மூச்சுவிடவில்லை. தெருவில் போய் நின்றதும் அவர் மதினி, அந்த அம்மா, வெளியே வந்தது. கையில் சொம்பு இல்லை. பின்தட்டைப் பார்க்காமல் நேராக எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தது.

"எறங்கிட்டாரா?" என்றது. சகாயம் தலையை ஆட்டினார்.

"அவருக்கு முட்டி வலி. யாரு தோளயாச்சும் புடிச்சாத்தான் எறங்குவாரு. பக்கத்துல யாரு நின்னா?"

"சகாயந்தாம்மா நின்னாரு" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனது. அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் உலை வைத்தார்கள் என்று சகாயம் பிறகு சொன்னார். வண்டியை விற்கவில்லை, சத்தமும் திரும்ப வரவில்லை.

நான் சொன்னது பொய். சகாயம் அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் குந்தியிருந்தது நான் மட்டும்தான், அழுத்தம் விலகியபோது ஒருத்தர் என் இடது தோளைப் பிடித்து, முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால் என்று நிதானமாக இறங்கினார். அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய சேதி அது, அதை ஏன் மறைத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அந்தக் கை சில்லென்று இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள். இல்லை, மூட்டை இறக்கிவிட்டு வந்த ஆளின் கை மாதிரி நல்ல சூடு. ராத்திரி வீட்டில் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன், தோளில் அந்த இடம் மட்டும் வேர்வையில் நனைந்திருந்தது.